வெறும் சுரங்கத்துக்கும் ஒரு சட்டப்பிரிவு வேண்டும்: நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு நீலகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
உள்துறை விவகாரங்களுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு,
புது தில்லி.

பொருள்: பன்னாட்டு எல்லைக்கு அடியில் தோண்டப்படும் கடத்தல் சுரங்கப்பாதைகளைத் தனிக் குற்றமாக்குதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் புதிதாக எழுதப்பட்டு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. வெளிநாட்டவர் வருகையைப் பற்றிய நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டுக் கொண்டுவரப்பட்ட குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டமும் 2025 செப்டம்பர் 1 முதல் செயல்படுகிறது. இவ்வளவு பெரிய சீரமைப்புக்குப் பிறகும், எல்லைக்கு அடியில் அனுமதியின்றிச் சுரங்கப்பாதை தோண்டுவதைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கும் பிரிவு இவற்றில் எதிலும் இல்லை. அப்படியொரு பிரிவு வேண்டும் என்று கேட்பது இம்மடலின் முதல் நோக்கம். அந்தப் பிரிவு எல்லையோரத்து விவசாயியை அச்சுறுத்துவதாக அமைந்துவிடக் கூடாது என்று கேட்பது இரண்டாவது நோக்கம். என் மனத்தில் முதலிடம் இதற்குத்தான்.

நான் குன்னூரில் நில வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன். நீலகிரிக்குக் கேரள எல்லையும் கர்நாடக எல்லையும் உண்டே தவிரப் பன்னாட்டு எல்லை கிடையாது என்பதால், இவனுக்கு இதில் என்ன அக்கறை என்று உறுப்பினர்கள் கேட்கலாம். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் இருக்கிறது. ஓய்வுபெற்ற படைவீரர்களின் குடும்பங்கள் இந்த மலையெங்கும் இருக்கின்றன. ஜம்மு எல்லை எங்களுக்குச் செய்தித்தாளில் மட்டும் வரும் இடமன்று. இன்னொரு காரணம் என் தொழிலைச் சார்ந்தது. மண்ணைத் தோண்டுவதைச் சட்டம் கட்டுப்படுத்தும்போது தரையில் என்ன நடக்கிறது என்பதை இம்மாவட்டத்தாரைப் போல அன்றாடம் பார்ப்பவர்கள் குறைவு. இங்கே சொந்தப் பட்டா நிலத்தில் பொக்லைனை இறக்குவதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுபவம் சொல்லித்தந்த எச்சரிக்கையே இம்மடலின் பிற்பகுதி.

முதலில் எல்லையில் நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 2012 ஜூலையில் ஜம்முவின் சம்பா பகுதியில் ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை ஒன்று வெளிப்பட்டது. 2020 ஆகஸ்டில் அதே சம்பாவில், வேலிக்கு அருகிலுள்ள வயலில், இன்னொன்று கிடைத்தது. அதன் வாயை அடைக்க வைத்திருந்த மணல் மூட்டைகளில் கராச்சி, ஷக்கர்கர் என்ற ஊர்ப்பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன. அவ்வாண்டு நவம்பர் 19 அன்று நக்ரோட்டா அருகே நான்கு தீவிரவாதிகள் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அவர்கள் வந்த வழியைத் தேடிய படையினர் மூன்று நாட்களில் அடுத்த சுரங்கத்தைக் கண்டுபிடித்தனர். 2021 ஜனவரியில் கதுவா மாவட்டத்தில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு சுரங்கங்கள் அகப்பட்டன. இரண்டும் ஏறத்தாழ 150 மீட்டர் நீளமும் 30 அடி ஆழமும் கொண்டவை. 2022 மே மாதம் மீண்டும் சம்பாவில் ஒன்று. இவற்றில் பெரும்பாலானவை ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவே கொண்ட பொந்துகள். அமெரிக்க, மெக்சிகோ எல்லையில் கிடைக்கும் தண்டவாளமும் மின்விளக்கும் காற்றுக்குழாயும் கொண்ட சுரங்கங்களை மனத்தில் வைத்துக்கொண்டு நம் சட்டத்தை எழுதினால் இந்தப் பொந்துகள் அதன் வரையறைக்கு வெளியே நின்றுவிடும்.

கிழக்கெல்லையில் கிடைத்ததோ வேறு வகை. 2017 ஏப்ரலில் மேற்கு வங்கத்தின் வடக்கு தினாஜ்பூர் மாவட்டம் சோப்ரா பகுதியில், வங்கதேச எல்லையை நோக்கி ஒரு தேயிலைத் தோட்டத்தின் அடியிலிருந்து தோண்டப்பட்டுவந்த 80 மீட்டர் நீளமுள்ள, வேலை முடியாத சுரங்கத்தை எல்லைப் பாதுகாப்புப் படை கண்டுபிடித்தது. மாடு கடத்துவதற்காகத் தோண்டப்பட்டது என்று படையினர் கூறினர். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண்ணை அள்ளிக் கொட்டினால் யார் கண்ணிலும் எளிதில் படாது என்பது தோட்டங்களுக்கு நடுவே வாழும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லாத செய்தி.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். சுரங்கத்தின் வழியாக ஒருவர் ஆவணமின்றி வந்து பிடிபட்டால், 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். போதைப்பொருள் வந்தால் 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அச்சட்டத்தில் முன்னேற்பாட்டைத் தண்டிக்கும் 30ஆவது பிரிவும் இருக்கிறது. தீவிரவாதத் தொடர்பு மெய்ப்பிக்கப்பட்டால் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு ஆயத்தச் செயலையும் பிடித்துக்கொள்ளும். சுங்கச் சட்டத்தில்தான் விந்தை: அதன் 135அ பிரிவு, விதிகளை மீறிச் சரக்கை வெளியே அனுப்புவதற்குச் செய்யும் முன்னேற்பாட்டைத் தண்டிக்கிறது, உள்ளே கொண்டுவருவதற்குச் செய்யும் முன்னேற்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சோப்ராவில் தோண்டியவர் மாட்டை அனுப்பத் தோண்டினார் என்று காட்ட முடிந்தால் அவரை அப்பிரிவின்கீழ் கொண்டுவரலாம். அதே மனிதர் தங்கத்தை உள்ளே கொண்டுவரத் தோண்டியிருந்தால், சரக்கு கையில் கிடைக்கும் வரை அப்பிரிவு உதவாது.

ஆகவே சரக்கும் இல்லாமல் ஆளும் இல்லாமல் வெறும் சுரங்கம் மட்டும் கண்டுபிடிக்கப்படும்போது, அது எதற்காகத் தோண்டப்பட்டது என்பதைப் புலனாய்வாளர் முதலில் ஊகித்தாக வேண்டும். ஊகத்துக்கு ஏற்றபடி சட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊகம் தவறினால் வழக்கு விழும். ஒருவன் வீட்டுச் சுவரில் கன்னம் வைத்து உள்ளே நுழைந்து, எதையும் எடுக்கும் முன்பே அகப்பட்டுக்கொண்டாலும், அவன் மீது வழக்கு உண்டு. தானே உண்டாக்கிக்கொண்ட வழியில் நுழைவதை வீட்டை உடைத்தலின் முதல் வகையாகவே பழைய இந்தியத் தண்டனைச் சட்டமும் அதன் இடத்தில் வந்த இன்றைய பாரதிய நியாயச் சட்டமும் சொல்கின்றன. ஒரு வீட்டுக்குக் கொடுத்த இந்தப் பாதுகாப்பை நாட்டின் எல்லைக்குக் கொடுக்கவில்லை.

இந்த இடைவெளியால் இன்னொரு தீங்கும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. நடுத்தரமான பிரிவு ஒன்று இல்லாதபோது, காவல்துறையின் முன் ஒன்றுமே செய்யாமல் விடுவது அல்லது தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தைக் கையில் எடுப்பது என்ற இரண்டு வழிகள்தான் எஞ்சுகின்றன. மாடு கடத்தக் கூலிக்கு மண் அள்ளியவரைப் பிணையே எளிதில் கிடைக்காத சட்டத்தில் தள்ளுவதும் நீதியன்று. சான்று போதாது என்று அவரை அனுப்பிய முதலாளியை விட்டுவிடுவதும் நீதியன்று.

அமெரிக்காவும் இதே இடத்தில் நின்றதுதான். அரிசோனாவின் டக்ளஸ் நகரில் 1990இல் முதல் சுரங்கம் வெளிப்பட்டது. எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் ஆக்வா பிரியேத்தாவில், ஒரு வீட்டுப் பில்லியர்ட்ஸ் மேசையை நீரியல் விசையால் உயர்த்தினால் அதன் வாய் திறந்தது. 2005இல் கனடாவிலிருந்து வாஷிங்டன் மாநிலத்தின் லிண்டன் அருகே ஏறத்தாழ 110 மீட்டர் நீளச் சுரங்கம் தோண்டிய மூவர் பிடிபட்டபோது, அவர்களுக்குத் தண்டனை கிடைத்தது கஞ்சா கடத்தச் சதி செய்ததற்கே. தோண்டியதைத் தண்டிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அப்போது இல்லை. 2006 அக்டோபரில் அந்தக் குறை நீங்கியது. எல்லையைக் கடக்கும் சுரங்கத்தைத் தோண்டினாலும் அதற்குப் பணம் கொடுத்தாலும் 20 ஆண்டுகள் வரை சிறை. தன் நிலத்தில் அது தோண்டப்படுவதை அறிந்தோ, அறிய வேண்டியதை அலட்சியப்படுத்தியோ அனுமதித்தால் 10 ஆண்டுகள் வரை. சுரங்கத்தைப் பயன்படுத்திக் கடத்தினால் அந்தக் கடத்தலுக்குரிய உச்சத் தண்டனை இரு மடங்கு. வேலை முடியாத சுரங்கங்கள் அடுத்தடுத்துக் கிடைத்த பிறகு, முயற்சிக்கும் சதிக்கும் அதே தண்டனை உண்டு என்று 2012 ஜூனில் ஒரு திருத்தம் வந்தது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு அனுமதி, சொத்துப் பறிமுதல் ஆகியவற்றின் வரம்புக்குள்ளும் இக்குற்றம் கொண்டுவரப்பட்டது. அதன் பிறகும் தோண்டுவது நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட சான் டியகோ சுரங்கத்தின் நீளம் 1,313 மீட்டர்.

அச்சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை பல. அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதது ஒன்று உண்டு. அது நில உரிமையாளரின் அலட்சியத்தைத் தண்டிக்கும் வாசகம். கலிபோர்னியாவில் சுரங்கத்தின் வாய் திறப்பது பெரும்பாலும் வாடகைக்கு விடப்பட்ட கிடங்குகளுக்குள். பூட்டிய கட்டடத்துக்குள் லாரி லாரியாக மண் வெளியேறும்போது உரிமையாளர் கேள்வி கேட்கவில்லை என்றால் அதை அலட்சியம் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. சம்பாவிலும் கதுவாவிலும் நிலைமை முற்றிலும் வேறு. தோண்டுபவர் எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறார். மண் முழுவதும் அந்தப் பக்கமே போகிறது. நம் பக்கத்தில் வயலின் நடுவே ஒரு துளை மட்டும், அதுவும் ஓர் இரவில், திறக்கிறது. அந்த வயலுக்கு உரிமையாளர் என்பதால் ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, 30 அடி ஆழத்தில் நடப்பதை அறியும்படி அவரைக் கேட்பதாகும். ராடார் கருவிகளோடு தேடும் படைக்கே அது கடினமாக இருக்கிறது.

எகிப்தின் வழி இன்னும் கடுமையானது. காசா எல்லையில் ராஃபா சுரங்கங்களை ஒடுக்குவதற்காக 2015 ஏப்ரலில் அந்நாட்டு அதிபர் பிறப்பித்த ஆணை, எல்லையைக் கடக்கும் சுரங்கத்தைத் தோண்டுபவருக்கும் பயன்படுத்துபவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. தெரிந்திருந்தும் அதிகாரிகளிடம் சொல்லாதவரையும் அதே தண்டனைக்குள் அடக்கியது. அதற்கு முன்பே, 2014 அக்டோபரில் தொடங்கி, எல்லையோரம் முதலில் 500 மீட்டர், பிறகு ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு வீடுகள் இடிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. எல்லையோரத்தில் வாழ்வதையே ஒரு சந்தேகமாக்கிய அந்த முறை நம் நாட்டில் எந்த வடிவத்திலும் நுழையக் கூடாது.

இதை நான் இரக்கத்தின் பேரில் மட்டும் சொல்லவில்லை. ஜம்முவில் 2012இலும் 2020இலும் சுரங்கங்கள் வெளிப்பட்டது எப்படி என்று பாருங்கள்: மழைக்குப் பின் நிலம் ஆங்காங்கே உள்வாங்கியதிலிருந்து. உள்வாங்கிய நிலத்தை முதலில் காணக்கூடியவர் அங்கே உழுகிறவர்தான். ரோந்து அடுத்துதான் வருகிறது. அவர் படைக்குச் சொல்வாரா, இரவோடு இரவாக நான்கு கூடை மண்ணைப் போட்டு மூடிவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பாரா என்பதை நீங்கள் எழுதப்போகும் வாசகமே தீர்மானிக்கும்.

எங்கள் மலையில் இது ஏட்டுக் கணக்கன்று. 2009 நவம்பரில் பெய்த மழையின்போது நீலகிரியில் மண்சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நிலத்தில் விரிசலோ புதிய ஊற்றோ கண்டால் உடனே தெரிவியுங்கள் என்று மழைக்காலம்தோறும் சொல்லப்படுகிறது. ஆனால் விரிசலைச் சொன்னால் வீட்டுக்கு நோட்டீஸ் வரும், அனுமதி இல்லாமல் கட்டிய சமையலறைச் சுவர் வெளிப்படும், எப்போதோ வெட்டிய மண்ணுக்கு இப்போது வழக்கு வரும் என்று அஞ்சி விரிசலைக் களிமண்ணால் பூசிவிட்டுப் படுக்கப்போகிறவர்களை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். இரண்டு சென்ட் நிலத்தில் மண்வெட்டியால் திட்டு சமன் செய்த கூலித் தொழிலாளி அதிகாரிகள் முன் கைகட்டி நின்ற அதே ஆண்டில், சரிவை நிமிர்த்து வெட்டி எழுப்பிய விடுதிகள் வழக்கறிஞர் வைத்துக் காலம் தள்ளியதையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில கட்டுகளை நானே சுமந்திருக்கிறேன் என்பதால் இதைக் குறையாகச் சொல்லும் உரிமை எனக்கு ஓரளவே உண்டு. தோண்டுவதைத் தடுக்கும் சட்டம் நல்ல சட்டந்தான்; அதைக் கண்டு யார் அஞ்சுகிறார்கள் என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

ஆகவே குழு பரிசீலிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். இந்தக் குற்றத்தைத் தனிச்சட்டமாக எழுதாமல் பாரதிய நியாயச் சட்டத்துக்குள்ளேயே ஒரு பிரிவாகச் சேர்ப்பது நல்லது. அச்சட்டத்தின் 62ஆவது பிரிவு முயற்சியைத் தண்டிக்கிறது என்றாலும், அது அச்சட்டத்தில் உள்ள குற்றங்களுக்கே பொருந்தும். தனிச்சட்டம் இயற்றி அதில் முயற்சியைப் பற்றி எழுத மறந்தால், பாதியில் நின்ற சுரங்கம் மறுபடியும் குற்றமில்லாமல் போகும். நியாயச் சட்டத்துக்குள் வைத்தாலும் 62ஆவது பிரிவு உச்சத் தண்டனையில் பாதியைத்தான் தரும் என்பதால், முயற்சிக்கும் முழுத் தண்டனை என்று பிரிவிலேயே சொல்லிவிட வேண்டும். அதே சட்டத்தின் 48ஆவது பிரிவு, வெளிநாட்டிலிருந்துகொண்டு இந்தியாவில் நடக்கும் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதையும் குற்றமாக்குகிறது. சுரங்கத்துக்குப் பணம் கொடுப்பவர் அநேகமாக அந்தப் பக்கம் இருப்பவர் என்பதால் இப்பிரிவின் துணை நமக்கு மிகவும் தேவை.

வரையறையில் நீளம், அகலம், கட்டுமானம் எதையும் சொல்லக் கூடாது. எல்லைக்கோட்டைக் கடக்கின்ற அல்லது கடக்கும் நோக்கோடு தோண்டப்படுகின்ற, அரசின் அனுமதி பெறாத நிலத்தடி வழி எதுவும் இதில் அடங்க வேண்டும். அனுமதி பெற்றவற்றுக்கு விலக்கு அவசியம். பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 2019 முதலும், சிலிகுரியிலிருந்து வங்கதேசத்தின் பார்வதிபூருக்கு 2023 முதலும் எண்ணெய்க் குழாய்கள் எல்லையைக் கடந்து செல்கின்றன. பாசன வாய்க்கால்களும் வடிகால்களும் நிறைய உண்டு. அவற்றைப் பராமரிக்கும் தொழிலாளி இச்சட்டத்தில் சிக்கக் கூடாது.

தோண்டுவதற்கும் பணம் கொடுப்பதற்கும் 10 ஆண்டுகள் வரையிலான சிறை போதுமென்பது என் கருத்து. ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நேரில் வந்து சான்று திரட்டுவதைப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 176ஆவது பிரிவு கட்டாயமாக்குகிறது. ஆகவே தண்டனையின் அளவே புலனாய்வின் தரத்தையும் தீர்மானிக்கும். சுரங்க வழக்கில் இது மிகவும் முக்கியம், ஏனெனில் மண்வெட்டித் தடம், மூட்டை, உணவுப் பொட்டலம் ஆகியவை தவிர வேறு சாட்சி பெரும்பாலும் இருக்காது. நிலம் கொடுத்தவரைப் பொறுத்தவரை, தெரிந்தே கொடுத்தார் என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பித்தால் மட்டுமே தண்டனை. போதைப்பொருள் சட்டத்தின் 35ஆவது பிரிவைப் போலக் குற்ற மனத்தை நீதிமன்றம் முன்கூட்டியே ஊகித்துக்கொள்ளும் ஏற்பாடு இங்கே வேண்டாம். தன் நிலத்தில் பள்ளத்தையோ துளையையோ கண்டு தானே வந்து தெரிவிப்பவர் மீது அந்தச் சுரங்கம் குறித்து வழக்குப் பதிய முடியாது என்று ஒரு துணைப்பிரிவு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

சுரங்கத்தைக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதும் சட்டத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் தங்கள் பக்கத்தைக் கான்கிரீட் ஊற்றி நிரப்பினார்கள். மெக்சிகோ பக்கத்தில் பல சுரங்கங்களின் வாயை மட்டும் மூடிவிட்டு உள்ளே அப்படியே விட்டதால், கடத்தல்காரர்கள் பழைய பாதையின் பக்கத்தில் ஒரு கிளையைத் தோண்டி மீண்டும் பயன்படுத்தினார்கள். நமக்கு அந்தப் பக்கம் எட்டாது. நம் பக்கத்தையாவது, அளவெடுத்துப் படம்பிடித்துச் சான்றைப் பதிவு செய்த பிறகு, குறிப்பிட்ட காலத்துக்குள் முழுமையாக நிரப்புவது யாருடைய கடமை என்று எழுதியாக வேண்டும்.

தேடுதலுக்காகவும் நிரப்புவதற்காகவும் தோண்டப்படும் வயலின் உரிமையாளருக்குப் பயிரிழப்பு ஈடு கொடுக்கவும் ஏற்பாடு வேண்டும். இதற்கு முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. 1962ஆம் ஆண்டுக் குழாய்வழிச் சட்டம் 9ஆவது பிரிவில் நிலத்தின் மேல் கட்டுப்பாடு விதித்துவிட்டு, அடுத்த பிரிவிலேயே இழப்பீட்டைச் சொல்கிறது. அச்சட்டத்தின்படி நிலப் பயன்பாட்டு உரிமைக்குத் தரப்படும் தொகை சந்தை மதிப்பில் பத்து விழுக்காடு மட்டுமே என்பதைக் கொண்டு மலைக்குக் கீழே கொங்கு மாவட்ட விவசாயிகள் எவ்வளவு போராடினார்கள் என்பது தமிழ்நாட்டு உறுப்பினர்களுக்குத் தெரியும். எல்லைக் கிராமத்தார் ஏற்கெனவே வேலிக்கு அப்பாலுள்ள தங்கள் நிலத்துக்கு வாயில் திறக்கும் நேரம் பார்த்துப் போய் வருகிறவர்கள். அவர்களுக்கு இதைவிடத் தாராளமான அளவுகோல் பொருந்தும்.

எல்லைப் பாதுகாப்புப் படைக்குத் தேடவும் கைது செய்யவும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் உண்டு. 2021 அக்டோபரில் பஞ்சாப், மேற்கு வங்கம், அசாம் ஆகியவற்றில் அந்த அதிகாரத்தின் எல்லை 50 கிலோமீட்டராக உயர்ந்தபோது எழுந்த விவாதத்தை உறுப்பினர்கள் அறிவர். புலனாய்வு மாநிலக் காவல்துறையிடமே இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். புதிய குற்றத்தைச் சாக்காக வைத்து அந்த ஏற்பாட்டை மாற்றத் தொடங்கினால், மாநிலங்களின் எதிர்ப்பில் இந்தப் பிரிவே கிடப்பில் போய்விடும் என்று அஞ்சுகிறேன்.

இந்தப் பொருளைக் குழு எடுத்துக்கொள்ளுமானால், உள்துறைச் செயலரையும் படைத் தலைவரையும் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், சம்பாவிலும் கதுவாவிலும் சோப்ராவிலும் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்ட வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் அக்கம்பக்கத்தில் உழுகிறவர்களை அந்தந்த ஊரிலேயே, அவர்களுடைய மொழியிலேயே, சீருடை அணிந்த எவரும் உடனில்லாமல் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மழைக்குப் பிறகு நிலம் உள்வாங்கியதைக் கண்டால் யாரிடம் சொல்வீர்கள், சொல்லத் தயங்கினால் எதற்காகத் தயங்குவீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு அவர்கள் சொல்லும் பதிலை வைத்துக்கொண்டு சட்ட வரைவைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நில வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.